கட்டிலுக்கு இந்தப் பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு ஒரு செவிலியரின் பதில்கள்

அரசு மருத்துவமனை வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். அம்மாவின் சர்க்கரை, அப்பாவின் புண், கணவரின் மூக்குக்குழாய் என்று மூன்று பக்கம் எழுதுகிறீர்கள். உங்களைப் பற்றிக் கடைசியில் ஒரே ஒரு வரி. சில கடிதங்களில் அதுவும் இல்லை. இந்த இதழுக்கு அந்தக் கடைசி வரிகள் உள்ள கடிதங்களாகத்தான் பொறுக்கி எடுத்தேன்.

பெயர் வேண்டாம் என்ற வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

*சிஸ்டர், என் மாமியாருக்கு 74 வயது. பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இரண்டு வருடமாகப் படுக்கைதான். முதுகுக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில் தோல் கறுத்து வருகிறது. மெடிக்கலில் கேட்டு பவுடரும், நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் வாங்கினேன். சரிதானா? கணவருக்கு இரண்டு தம்பிகள், ஒருவர் சென்னை, ஒருவர் கோவை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, 'அம்மாவ நல்லா பாத்துக்கோங்க அண்ணி' என்பார்கள். எனக்கும் ஆறு மாதமாக இடுப்பு வலி, குனிந்தால் நிமிர முடியவில்லை. அது இருக்கட்டும், மாமியாருக்கு என்ன செய்யலாம்?*

முதலில் அந்தக் கறுத்த இடம். அந்தக் காற்று வளையத்தை எடுத்துப் பரணில் போடுங்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள விளிம்பு சதையை அழுத்தி, நடுப்பகுதிக்கு வரும் ரத்தத்தைக் குறைத்துவிடும். பவுடரும் வேண்டாம். வியர்வையில் நனைந்து கட்டியாகி உரசும். அந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது.

புத்தகங்களில் 'சிவந்திருக்கிறதா பார்' என்று போட்டிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். மல்லாக்க வேண்டாம், கறுத்த இடம் மெத்தையில் அழுந்தும். விழுந்த பக்கமாகப் படுக்கும்போது தோள் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் பாருங்கள். முழுக்கப் பக்கவாட்டில் வேண்டாம், முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்தால் போதும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை. காற்றுப் படுக்கை வாங்கினாலும் இந்த மாற்றிப் படுக்க வைக்கும் வேலை தீராது, அதை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. தோல் உரிந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இப்போது நீங்கள் 'அது இருக்கட்டும்' என்று ஒதுக்கிய இடுப்பு. அவரை எப்படித் தூக்குகிறீர்கள் என்று எழுதவில்லை. அக்குளில் கை கொடுத்து இழுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் உங்கள் இடுப்பும் போகும், விழுந்துபோன அவர் தோள்மூட்டும் நழுவும். ஒரு பழைய பருத்திப் போர்வையை நான்காக மடித்து, தோள் முதல் தொடை வரை வருமாறு அவருக்கு அடியில் எப்போதும் போட்டு வையுங்கள். ஆளைத் தொடாமல் போர்வையின் விளிம்பைச் சுருட்டிப் பிடித்து நகர்த்துங்கள். மேலே ஏற்றிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும், அதைத் தனியாகச் செய்யவே செய்யாதீர்கள். கட்டில் தாழ்வாக இருந்தால் நான்கு காலுக்கும் மரக்கட்டை வைத்து உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். இரவில் அவர் புரண்டு விழாதபடி ஓரத்தில் அடைப்பும் வேண்டும்.

அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை போங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வரும் திட்டம் என்று மட்டும்தான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோதே படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டில் வந்து பிசியோதெரபி தருவதும், வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் செவிலியர் வருவதும் அதில் இருந்தன. நீங்கள் பெயர் பதியாவிட்டால் அவர்களுக்கு உங்கள் வீடு தெரியாது. கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள், தினமும் வரமாட்டார்கள். ஆனால் வருகிற அன்று புண்ணைக் காட்டலாம், தூக்கும் முறையை உங்கள் கட்டிலிலேயே கற்றுக்கொள்ளலாம்.

சரி, கொழுந்தன்மார்கள். கோபப்பட்டுப் பேசிப் பிரயோஜனமில்லை. 'நான் ஒருத்தியே கிடந்து சாகிறேன்' என்று சொன்னால், 'உங்கள மாதிரி யாரு அண்ணி பாப்பாங்க' என்று பதில் வரும், அந்த வாரம் முடிந்துவிடும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! பாராட்டு செலவில்லாத பொருள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒரே ஒரு வாரத்துக்கு, காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள், டயபர் எத்தனை, பிசியோவுக்கு எவ்வளவு, ஆட்டோவுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். அதைப் படம் பிடித்து குடும்ப வாட்ஸ்அப்பில் உங்கள் கணவர் போட வேண்டும். நீங்கள் போடக் கூடாது. அவருடைய அம்மா, அவருடைய தம்பிகள், அவர்தான் பேச வேண்டும். கேட்பதும் 'உதவி' என்று பொதுவாக இருக்கக் கூடாது. ஒரு தம்பி பகல் நேர ஆள் வைக்கப் பணம் அனுப்பட்டும், மாதா மாதம் ஐந்தாம் தேதி. இன்னொரு தம்பி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு வந்து அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கட்டும். நீங்கள் அந்த இரண்டு இரவும் வேறு அறையில், முடிந்தால் உங்கள் அம்மா வீட்டில் தூங்குங்கள். ஒரு எச்சரிக்கை: வருகிற கொழுந்தனுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைக்காதீர்கள். அவர் விருந்துக்கு வரவில்லை, டியூட்டிக்கு வருகிறார்.

சட்டமும் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் மாமியாரோ, அவர் அனுமதி தந்த வேறொருவரோ கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதம் 10,000 ரூபாய் வரை தரச் சொல்லி உத்தரவிடலாம். அந்தச் சட்டத்தில் பிள்ளைகள் என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சட்டம் யாரைப் பொறுப்பாளி என்கிறதோ அவர்களில் இரண்டு பேர் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள், சட்டம் பெயர்கூடச் சொல்லாத நீங்கள் டயபர் மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் படியாக வழக்குக்குப் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கேட்பதில் உங்கள் கணவருக்குக் கூச்சம் இருந்தால் இந்த ஒரு பத்தியை அவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

39 வயது மகன், சென்னை

*அப்பாவுக்கு மறதி நோய் என்று சொல்லி ஒரு வருடம் ஆகிறது. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், கல்யாணம் ஆகவில்லை, அம்மா இல்லை. சாயங்காலம் ஆனால் 'வீட்டுக்குப் போலாம் வா' என்று ஆரம்பித்துவிடுவார். இதுதான் வீடு என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. போன வாரம் ஆபீஸ் மீட்டிங் நடுவில் அவரைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கத்திவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை.*

கத்தாமல் இருக்கிற வீடு எதுவும் எனக்குத் தெரியாது தம்பி. தள்ளாமல் விட்டீர்கள் இல்லையா, அந்த இடத்தில் இனி என்ன செய்வது என்று பார்ப்போம். கை ஓங்குகிற அளவுக்கு வந்தால் அவரைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் 14416 எண்ணுக்கு அடியுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். நோயாளிக்குத்தான் என்றில்லை. உங்களுக்காகவே அடிக்கலாம்.

'வீட்டுக்குப் போலாம்' என்கிறவரிடம் 'இதுதான் வீடு' என்று நிரூபிக்க முயலாதீர்கள். அவர் கேட்கும் வீடு பெரும்பாலும் அவர் சின்ன வயதில் இருந்த வீடு. இப்போதைய ஞாபகங்கள் முதலில் அழிகின்றன, பழையவை நெடுநாள் நிற்கின்றன. 'சரிப்பா, காபி குடிச்சிட்டுப் போலாம்' என்று சொல்லுங்கள். அந்த வீட்டில் கிணறு இருந்ததா, மாடு இருந்ததா என்று கேளுங்கள். பொய் சொல்கிறோமே என்று உறுத்தினால், அவர் கேட்பது முகவரி இல்லை, பயம் இல்லாத ஓரிடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் குழப்பம் கூடும். ஐந்து மணிக்கே எல்லா விளக்கையும் போட்டு, அந்த நேரத்து மீட்டிங்கைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று மேலாளரிடம் காரணத்தைச் சொல்லியே கேளுங்கள். வாசல் கதவுக்கு, அவர் கண் போகாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள். அவர் சட்டைப் பையில் உங்கள் போன் எண். இரண்டே நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் மறதி முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகச் சேர்த்த மாத்திரை எதுவானாலும் அப்படிச் செய்யும். உடனே டாக்டரைப் பாருங்கள்.

சென்னையில் இருப்பதால் உங்களுக்குச் சில வசதிகள். கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்துக்கு டெம்கேர்ஸ் என்று மறதி நோய்க்கென ஒரு பிரிவு உண்டு. அங்கே பார்த்துக்கொள்கிறவர்களோடும் உட்கார்ந்து பேசுவார்கள். அல்சைமர் சங்கமான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ.க்கும் சென்னைக் கிளை இருக்கிறது. அப்பாவைக் காட்டப் போகும்போது, உங்கள் தூக்கமின்மையையும் அங்கேயே சொல்லுங்கள்.

ஒரு வேலையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அப்பாவுக்குக் கையெழுத்தின் பொருள் இன்னும் புரிகிறது என்றால், வங்கிக் கணக்கில் உங்களைச் சேர்ப்பது, நாமினி, உயில் எல்லாவற்றையும் அவருடைய விருப்பம் கேட்டு, டாக்டர் சான்றோடு இப்போதே முடியுங்கள். பவர் பத்திரம் எழுதி வாங்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தவர் சிந்திக்கும் நிலையை இழந்துவிட்டால் நம் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது. அதற்குப் பிறகு உயர் நீதிமன்றம்தான். 2024இல் கோமாவில் இருந்த ஒருவருக்கு அவர் மனைவியைப் பாதுகாவலராகச் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. வைத்தியச் செலவுக்குக் கணவர் சொத்தை விற்க அந்த அம்மாள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

வாசகர், விருதுநகர்

*என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. வருகிற ஆடியில் 18 முடிகிறது. அதன் பிறகு பெற்றோர் கையெழுத்து செல்லாது என்கிறார்களே?*

உண்மைதான். 18 வயதுவரைதான் நீங்கள் இயல்பான பாதுகாவலர். அதற்குப் பிறகு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டபூர்வப் பாதுகாவலர் ஆக வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் படிவம் தருவார்கள். நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் அவர் பெயரில் உள்ள சொத்துப் பட்டியலும், பிறகு வருடா வருடம் கணக்கும் கொடுக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளிச் செலவும் தெரபியும் சேர்த்து, கிடைக்கும். சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லையென்றால் அதே அலுவலகத்தில், அன்றைக்கே கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதிக உதவி தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்று ஒன்றையும் சொல்கிறது. கூச்சப்படாமல் அதையும் கேட்டு வையுங்கள். உங்களுக்குப் பிறகு யார் என்ற கேள்வியையும் அந்தப் படிவம் நிரப்பும்போதே மகளிடமோ தம்பியிடமோ பேசி முடித்துவிடுங்கள்.

ஓய்வூதியரின் மகள், கும்பகோணம்

*அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் வங்கியில் கிடக்கிறது. அவரால் கையெழுத்துப் போட முடியாது. 'ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க' என்கிறார்கள். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகவா?*

வேண்டாம். படுத்த படுக்கையாக இருப்பவர் கணக்கில் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியே வழி சொல்லியிருக்கிறது. கைப் பெருவிரல் ரேகை, அது முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை போதும். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். அந்த அதிகாரி உங்கள் வீட்டுக்கு வரவேண்டியிருக்கும். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தரும் வசதியும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வாயால் கேட்காதீர்கள். மேலாளருக்கு ஒரு கடிதமாக எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் கேட்டதும் நாற்காலி நகர்வதைப் பார்த்திருக்கிறேன். உயிர்வாழ் சான்றுக்கும் அலைய வேண்டாம். தபால்காரரிடம் சொன்னால் அஞ்சல் வங்கி மூலம் வீட்டிலேயே எடுத்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய்.

ஆசிரியை, நாகர்கோவில்

*கணவருக்குப் புற்றுநோய், இனி சிகிச்சை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் வலியில் முனகுகிறார். சீக்கிரம் முடிந்துவிடட்டும் என்று ஒரு நாள் சாமியிடம் கேட்டுவிட்டேன். நான் பாவியா?*

இல்லை அம்மா. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்கும் யாருக்கும் அந்த நினைப்பு வரும், பலர் வெளியே சொல்வதில்லை. நீங்கள் அவர் சாவைக் கேட்கவில்லை, வலி நிற்க வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். அந்த வலியை நிறுத்த மருந்து இருக்கிறது. 'சிகிச்சை இல்லை' என்றால் புற்றுநோய்க்குத்தான் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நோய்த்தணிப்புப் பிரிவு எங்கே என்று நாளைக்கே கேளுங்கள். அங்கே வாய்வழி மார்ஃபின் மாத்திரை பற்றிப் பேசுங்கள். பழகிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். அதோடு மலச்சிக்கல் மாத்திரையும் கேட்டு வாங்குங்கள், மார்ஃபினோடு அது நிச்சயம் வரும். வலி குறைந்த முதல் இரவில் அவரும் தூங்குவார், நீங்களும் தூங்குவீர்கள்.

வாசகி, சேலம்

*எனக்கு நாலு நாள் லீவு வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.*

மத்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுக்குள் வீட்டில் குழந்தைகளையோ பெரியவர்களையோ பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஒரு நாளைக்கு 140 நிமிடம் அதற்குச் செலவிடுவதாகவும், ஆண்கள் 74 நிமிடம் என்றும் வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அந்த 140ஐப் பார்த்துச் சிரிப்பீர்கள் என்று தோன்றுகிறது.

குறைந்த நாட்களுக்கு ஆளைச் சேர்த்துக்கொள்ளும் முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரில் எது என்று 14567இல் கேட்கலாம், மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் அது. சேர்க்கும் முன் சொல்லாமல் ஒருமுறை சாயங்காலம் போய்ப் பாருங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், எத்தனை நோயாளிகளுக்கு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். வரவேற்பறையில் உட்கார வைத்தே பேசி அனுப்பப் பார்த்தால் அதுவும் வேண்டாம், படுக்கைகள் இருக்கும் அறைக்குள் போய் நின்று பாருங்கள், மூக்கே சொல்லிவிடும். மாத்திரைகளை வேளை வாரியாகத் தனித்தனி உறையில் போட்டு, எழுதிக் கொடுங்கள். விழுங்கும்போது இருமல் வருமா, எதற்குப் பயப்படுவார், காது எந்தப் பக்கம் கேட்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். போன் ஒரு நாளைக்கு ஒருமுறை, நீங்கள் சொன்ன நேரத்தில் அவர்கள் செய்யட்டும். நீங்களாகச் செய்யாதீர்கள். செய்தால் அங்கே கொண்டுபோய் விட்ட பணம் வீண்.